வித்வான்களைப் பற்றிய வாதத்தை ரசிப்பது எப்படி?

1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், தஞ்சை, மதுரை, பாலக்காடு என்று பல சீமைகளிலிருந்தும் உத்தியோக நிமித்தம் நெய்வேலிக்கு வந்து குடியேறியவர்கள், தத்தம் ஊரில் கேட்டுப் பழகிய ஸங்கீத ருசியையும் உடன் கொண்டுவந்தார்கள். ஆதலால், நெய்வேலி சந்தானகோபாலனைப் போன்ற வித்வானின் பெயரோடு தன் பெயரும் சேர்ந்து விளங்கும் பாக்கியம் பெற்ற இவ்வூரில், கச்சேரி கேட்டுத் திரும்பும் ரஸிகர்களிடையே, மறைந்த மேதைகளில் யாருக்குத் தகுதிக்கு மீறிய கீர்த்தி வாய்த்தது என்னும் வாதம் எழுவது இயல்பே. அவ்வாதத்தை வீண்பேச்சென்று ஒதுக்கவேண்டியதில்லை. முறையறிந்து வாதித்தால், அதுவே ரசனையை வளர்க்கும் சாதனமாகும்.

முதலில், ஒரு வித்வான் எதைச் சாதிக்க முனைந்தார் என்று அறிந்துகொள்ளுங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடம் நீண்ட ஆலாபனையைத் தேடி ஏமாறுவோர், வர்ணத்தில் தொடங்கி விறுவிறுப்பான மத்யம கால கிருதிகளின் வழியே சபையைச் சோர்வின்றி நடத்திச் செல்லும் அவருடைய கச்சேரிப் பத்ததியின் கட்டுக்கோப்பைக் கவனிப்பதில்லை. ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களை வெறும் வேகம் என்று குறை கூறுவோர், அவ்வேகத்தினூடே ராகத்தின் ஸ்வரூபம் குலையாமல் நிற்கிறதா என்று செவிகொடுத்துப் பார்க்கவேண்டும். மதுரை மணி ஐயரின் கற்பனாஸ்வரங்களில் சிக்கலான கணக்கு வழக்குகள் குறைவு என்பது மெய்யே. ஆனால் தாளத்தோடு இழைந்தோடும் அந்த ஸர்வலகு நடையும், சுருதியினின்று இம்மியும் பிசகாத அந்தச் சாரீரமும் அளிக்கும் ஆனந்தம் கணக்கினால் வருவதன்று.

வாதம் மிகவும் சூடேறுவது எம். டி. ராமநாதனைக் குறித்தே. டைகர் வரதாச்சாரியாரின் சீடரான அவருடைய கனத்த சாரீரமும் நிதானமான விளம்ப காலமும் சிலருக்கு அலுப்பூட்டுகின்றன. வேறு சிலரோ அவரைத் தவிர மற்றொருவரைக் கேட்கவும் விரும்புவதில்லை. இவ்விரு சாராரும் அவர் பாடிய, ஸஹானா ராகத்தில் அமைந்த தியாகராஜரின் ‘கிரிபை’ கிருதியை ஒருமுறை ஊன்றிக் கேட்கட்டும். ‘க ம ரி க ரி ஸ’ என்று வளைந்து இறங்கும் அந்த ராகத்தின் ஜீவனான பிரயோகத்தை அவர் அவசரமின்றிப் பாடும்போது, துரித கதியில் நம் செவியை ஏமாற்றிக் கடந்துவிடும் காந்தாரத்தின் அசைவு தெளிவாகப் புலப்படும். பிறகு அதே கிருதியை வேறொருவர் பாடக் கேட்டு, ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நிற்கிறார், எதை விட்டுச் செல்கிறார் என்று ஒப்பிடுங்கள்.

ஒலிப்பதிவை அளவுகோலாகக் கொள்ளும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. நிமிஷத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிஷங்களே அடங்கின; அதற்குள் சுருக்கிப் பாடியதைக் கேட்டு ஒருவருடைய மனோதர்மத்தை எடைபோடுவது அநீதி. முழுக் கச்சேரிப் பதிவு கிடைக்குமாயின் அதையே தேடிக் கேளுங்கள். விருதுகளும் இவ்வழக்கைத் தீர்ப்பதில்லை. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1938-இல் அரியக்குடிக்கும், 1958-இல் ஜி.என்.பி.க்கும், அடுத்த ஆண்டில் மணி ஐயருக்கும் கிடைத்தது. ராமநாதனுக்கும் வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனுக்கும் கிடைக்கவேயில்லை.

இவ்வளவும் கேட்டபின்னும், குறிப்பிட்ட ஒருவர் தம் புகழுக்கு ஏற்றவரல்லர் என்று உங்களுக்குத் தோன்றினால், தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் எந்த ராகத்தில், எந்தக் கிருதியில், எந்தப் பிரயோகத்தில் குறை கண்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல இயலாதவரை, அந்த வித்வானை மீண்டும் ஒருமுறை கேட்பதே ரஸிகரின் கடமை.