விதை தயாரான பிறகு ஏன் கேட்கணும்?

மரபணுத் திருத்தம் பற்றி எந்த அறிக்கையை எடுத்தாலும் "பொதுமக்கள் கருத்தையும் கேட்கணும்"னு ஒரு வரி இருக்கும். யாரும் மறுக்கப்போறதில்லை. எப்போ கேட்கிறது என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

2025 மே மாதம் மத்திய அரசு மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அதில் 'கமலா', சம்பா மசூரியிலிருந்து வந்தது. ஆந்திரா பொன்னினு சொல்றோமே, அந்த பிபிடி 5204தான். நெல்லின் சொந்த மரபணுவிலேயே கிரிஸ்பர் மூலம் சின்ன மாற்றம். வேற்று உயிரின் மரபணு இல்லை. இதைச் சொல்லித்தான் 2022-இல் இவ்வகைப் பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர் விதிகள் சிலவற்றிலிருந்து விலக்கு தந்தாங்க.

அறிவியலா பார்த்தா அந்த வாதத்தில் நியாயம் இருக்கு. ஆனா 'பாதுகாப்பானதா?' என்ற ஒரே கேள்விக்குத்தான் அது பதில். கிரிஸ்பரின் காப்புரிமை யார்கிட்ட? நாளைக்கு விதை யார் கையில்? இதுக்கெல்லாம் "வேற்று மரபணு இல்லை" என்பது பதிலாகாது.

2010-இல் பி.டி. கத்தரிக்காய்க்காக அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கூட்டம் நடத்தி, பிப்ரவரியில் அனுமதியை நிறுத்திவைத்தார். அதையே முன்மாதிரியா சொல்றவங்க உண்டு. எனக்கு முழு உடன்பாடில்லை. விதை தயாராகி, நிபுணர் குழுவும் ஒப்புதல் தந்த பிறகு கேட்டா, மக்கள் 'சரி' அல்லது 'வேண்டாம்'னுதான் சொல்ல முடியும். எந்தப் பயிர், எந்தக் குணம் என்று பேச இடமே இல்லை.

முன்கூட்டியே கேட்டதுக்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கு. அங்கே லைம் நோயை உண்ணிகள் பரப்புது. உண்ணிகளுக்கு அந்தக் கிருமி பெரும்பாலும் வெண்பாத எலிகளிடமிருந்து வருது. அந்த எலிகளுக்கு மரபணு வழியா நோயெதிர்ப்பு கொடுக்கலாமான்னு எம்.ஐ.டி.யின் கெவின் எஸ்வெல்ட் 2016-இல் நான்டக்கெட் தீவு மக்களிடம் போய்க் கேட்டார். அப்போ அப்படி ஒரு எலி உருவாகியிருக்கவே இல்லை. எலியோட சொந்த டி.என்.ஏ. மட்டும் இருக்கட்டும்னு தீவுக்காரங்க விரும்பினாங்க. திட்டமும் அதற்கேற்ப அமைந்தது.

சின்னத் தீவில் இது சுலபம்தான், ஒத்துக்கிறேன். ஆனா நம்மகிட்டேயும் பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கு. அடுத்த நெல் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் முன்னாடி, "உங்க வயலுக்கு எது மாறணும்?"னு விவசாயிகளை அங்கே உட்காரவைத்துக் கேட்கலாம். வர்ற பதிலுக்கேத்தபடி திட்டத்தை மாற்றத் தயாரில்லைன்னா, கேட்காமலே இருக்கலாம்.