ஏரிக்கரையை எப்படி ரசிப்பது?

பேருந்து ஜன்னலில் இருந்து பார்த்தால் ஏரிக்கரை என்பது பனைமரங்கள் நிற்கும் மண்மேடு, அவ்வளவுதான். ஏறி நடக்க வேண்டும். வட தமிழகத்துச் சமவெளி தட்டையாகத் தெரிந்தாலும் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. கண்ணுக்குப் பிடிபடாத அந்தச் சரிவு கரையின் மேல் நிற்கும்போது பளிச்சென்று விளங்கும்: ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அந்தத் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே நெல்வயல்.

ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நடந்து பார்ப்பதே நல்லது. தொடக்கத்தில் கரை முழங்கால் உயரம்கூட இராது; மேட்டு நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். நடுவில், பழைய ஓடை ஓடிய பள்ளத்துக்கு நேரே, அது மிக உயர்ந்து நிற்கும். பிறகு மீண்டும் தாழ்ந்து நிலத்தோடு சேரும். மற்ற பக்கங்களில் நிலமே உயர்ந்திருக்கிறது. தாழ்ந்த பக்கத்தை மட்டும் மண் போட்டு மறித்திருக்கிறார்கள். கரை வளைந்து போவதும் அந்த மேடுபள்ளத்தை அனுசரித்துத்தான். தமிழ்நாட்டில் இப்படி சுமார் 39,000 ஏரிகள், கண்மாய்கள்.

பழமையைத் தேடுபவர்கள் அரக்கோணத்துக்கு அருகிலுள்ள மகேந்திரவாடிக்குப் போகலாம். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டே அவ்வூர் ஏரியைக் குறிப்பிடுகிறது. நீளத்தை ரசிக்க வீராணம். சோழர் காலத்து ஏரி, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளம். கரைமேலேயே சாலை போகிறது. சென்னை 2004 முதல் இதன் தண்ணீரையும் குடிக்கிறது.

இனி நுணுக்கங்கள். தண்ணீர்ப் பக்கச் சரிவில் கற்கள் பதித்திருந்தால் அவை அலைகற்கள். காற்றில் எழும் அலை மண்ணை அரிக்காமல் காப்பவை. பனையின் சல்லிவேர்கள் கரை மண்ணை இறுகப் பிடிக்கும். பெரிய மரம் பட்டுப்போனாலோ அதன் வேர் மக்கிய இடம் பொந்தாகிவிடும். நண்டு வளையும் எலி வளையும் அப்படியே ஆபத்து. வயல் பக்கம் கசியும் நீரையும் கவனிக்க வேண்டும். தெளிந்து கசிந்தால் பெரும்பாலும் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம், ஊரே மண்வெட்டியோடு ஓடிவர வேண்டும்.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் கரைக்குச் சற்று உள்ளே, நீருக்கு நடுவில் இரட்டைக் கல்தூண்கள் நிற்கும். அதுதான் ஏரி நீரை வயலுக்குத் திறந்துவிடும் குமிழித்தூம்பு. மேலே நீரோடித்துளை, அடியில் சேறோடித்துளை. பாசனத் தண்ணீரோடு வண்டலும் வெளியேற, ஏரியில் தூர் கொஞ்சம் குறைகிறது, வயலுக்கு உரமும் சேர்கிறது. மண்ணால் ஆன கரையில் இத்தனை யோசித்துச் செய்த கல்வேலையைக் காண்பதற்கே அங்கே போகலாம்.

உத்திரமேரூரின் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியத்துக்கு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்கிறது. இவ்வளவு பெரிய மண்கட்டுமானம் நிலைக்க, ஆண்டுதோறும் கவனிக்கும் ஆட்கள் வேண்டும்தானே!

பார்க்க ஏற்ற காலம் இரண்டு. கோடையில் நீர் வற்றியபின் கரையின் முழுச் சரிவும் தூம்பின் அடிப்பகுதியும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால், மிகுதி நீர் வழிந்தோடும் கலிங்குக்குப் போக வேண்டும். அதன் மேல் வரிசையாக நட்ட கற்களுக்கிடையே மண்ணும் வைக்கோலும் அடைத்து நீரைக் கூடுதலாகத் தேக்குவது பழைய வழக்கம். வெள்ளம் வந்தால் அடைப்பைப் பிரித்துவிடுவார்கள். அங்கிருந்து வழியும் நீர் கீழேயுள்ள அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். நேரமிருப்பவர்கள் அந்தக் கால்வாயைப் பிடித்துக்கொண்டே அடுத்த கரை வரை நடக்கலாம்.