படை அறிக்கையும் புனைவும்: எட்லெஃப் கோப்பனின் போர் நாவல்

முதல் உலகப்போரைப் பற்றிய ஜெர்மன் புனைவு என்றதும் எரிக் மரியா ரெமார்க்கின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். 1929இல் நூலாக வெளிவந்த அவரது நாவலின் தலைப்பு, மேற்கு முனையில் புதிதாக ஏதுமில்லை என்னும் படைத்தலைமையின் அறிக்கைத் தொடரிலிருந்து பிறந்தது. அடுத்த ஆண்டே எட்லெஃப் கோப்பன் (1893–1939) என்பார் அவ்வறிக்கையின் பெயரையே தம் நாவலுக்குத் தலைப்பாக்கினார்: 'ஹேரஸ்பெரிஷ்ட்', அதாவது 'படை அறிக்கை'. இன்று அதனைப் படித்தவர் மிகச் சிலரே.

ஒரே அறிக்கையை இருவரும் கையாளும் முறை முற்றிலும் வேறானது. ரெமார்க் அதனை இறுதிக்கென ஒதுக்கிவைக்கிறார். அதுவரை தன்மையில் பேசிவந்த வீரன் வீழ்ந்த நாளில் அறிக்கைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அம்முரண் ஒருமுறை வலுவாகத் தாக்கி முடிந்துவிடுகிறது. கோப்பனிடம் அறிக்கை ஓய்வதே இல்லை. 1914இல் தன்னார்வத்துடன் படையில் சேரும் மாணவன் அடோல்ஃப் ரைஸிகரின் கதை படர்க்கையில் நகர, அதனை ஊடறுத்துப் படைத்தலைமைச் செய்திகள், பேரரசரின் உரைகள், தணிக்கை விதிகள், நாளிதழ்க் குறிப்புகள், விளம்பரங்கள் ஆகியன உரையேதுமின்றி வந்து விழுகின்றன. ஆசிரியர் எதனையும் மறுப்பதில்லை. அருகருகே வைப்பதோடு நின்றுவிடுகிறார்.

நாவலின் முகப்பில் நிற்பதும் 1915ஆம் ஆண்டுத் தணிக்கை ஆணையொன்றே. போரின் பெரும்பகுதிகளை விவரிக்கும் எழுத்துகளை, பதவியாலும் அனுபவத்தாலும் முழுத் தொடர்பையும் அறிய இயலாதவர்கள் வெளியிடுவது விரும்பத்தக்கதன்று என்பது அதன் சாரம். யார் எழுதலாம் என்னும் வினாவை அதிகாரமே எழுப்பிவிடுகிறது. பீரங்கிப் படையில் பணியாற்றிய கோப்பன் அவ்வாணையை முன்னே நிறுத்திவிட்டுப் போர் முழுவதையும் எழுதினார். இந்நாவலின் ஆவணங்களை வெறும் பின்னணிச் சான்றுகளாகக் கொள்வது பொருந்தாது. அவை கதைசொல்லும் உரிமைக்காக ரைஸிகருடன் போட்டியிடும் குரல்கள் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கோப்பன் பெர்லின் வானொலியின் இலக்கியப் பிரிவில் பணியாற்றியவர். குரல்களை வெட்டி ஒட்டும் இம்முறைக்கு அப்பயிற்சி துணைநின்றிருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

ஆவணங்களைத் தேர்ந்தவர் ஆசிரியரே என்பதனால் அவற்றின் 'புறவயத்தன்மை' ஐயத்திற்குரியதே. ரைஸிகரின் அகவுலகமும் சற்று மெலிந்தே காணப்படுகிறது. அவனுடைய தோழர்கள் ரெமார்க்கின் மாந்தரைப்போல் மனத்தில் தங்குவதில்லை. ஆயினும் 1918இல் போரே பெருங்குற்றம் எனக் கூறி அவன் பணியாற்ற மறுக்கும்போதும், அதற்காக மனநோய் விடுதியில் அடைக்கப்படும்போதும், அம்மெலிவுக்குப் பொருள் கிடைக்கிறது. அவன் பேசிய ஒரே முழுமையான வாக்கியம் மருத்துவக் குறிப்பாக மாற்றப்படுகிறது. கோப்பனும் அவ்வாண்டில் அவ்வாறே மறுத்து, அவ்வாறே அடைக்கப்பட்டவர்.

இந்நாவல் மறக்கப்பட்டதற்கு நாஜித் தடையை மட்டும் காரணம் காட்டுவது போதாது. ரெமார்க்கின் நாவலும் எரிக்கப்பட்டது. எனினும் அது முன்னரே பல மொழிகளில் பரவியிருந்தது, அவரும் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். போர் நாவல்கள் பெருகிய பின் வந்தது கோப்பனின் நூல். 1933இல் வானொலிப் பணியை இழந்த அவர் ஜெர்மனியிலேயே தங்கி, போர்க்காயத்தின் பின்விளைவால் 1939இல் மறைந்தார். போருக்குப்பின் திரும்பிவந்து தம் நூலுக்காகப் பேச அவர் இல்லை. 1970களின் மறுபதிப்புக்குப் பின்னரே ஜெர்மன் ஆய்வாளர் கவனம் அதன்பால் திரும்பியது.