லூக் கேஜ்: குண்டு துளைக்காத நாயகனும் ஹார்லெம் மக்களும்

லூக் கேஜ், மார்வெல் காமிக்ஸில் இடம்பெற்ற கறுப்பின சூப்பர் ஹீரோவை மையமாகக் கொண்டு நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளிவந்த அமெரிக்க இணையத் தொடர். இதனை உருவாக்கியவர் சியோ ஹோடாரி கோக்கர். முதல் பருவம் 2016 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பருவம் 2018 ஜூன் 22 அன்றும் வெளியாயின. ஒவ்வொரு பருவத்திலும் 13 அத்தியாயங்கள் உள்ளன. கதைநாயகனாக மைக் கோல்டர் நடித்தார். 2018 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் இத்தொடரை நிறுத்திவிட்டது.

துப்பாக்கிக் குண்டு துளைக்காத தோலும் அளவற்ற உடல் வலிமையும் நாயகனின் ஆற்றல்கள். அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்படும் செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்த காலத்தில் தொடர் வெளியானதால், இந்த ஆற்றலுக்கு வெறும் கற்பனையைத் தாண்டிய ஒரு பொருள் அமைந்தது. அந்த ஆற்றலைக் கொண்டாடுவதோடு தொடர் நின்றுவிடவில்லை. நாயகனைத் துளைக்க முடியாத குண்டு அவருக்கு அருகில் இருக்கும் சாதாரண மனிதரைச் சென்று தாக்குகிறது என்பதையும் அது காட்டுகிறது. இந்த உண்மையை எதிர்கொள்ளும் அத்தியாயங்களில் தொடர் உயர்ந்து நிற்கிறது. அதை மறக்கும் இடங்களில் தளர்ந்துவிடுகிறது. (கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே கூறப்பட்டுள்ளன.)

காமிக்ஸ் மூலம்

லூக் கேஜ் முதன்முதலில் 1972-இல் மார்வெல் வெளியிட்ட காமிக்ஸ் இதழில் தோன்றினார். ஆர்ச்சி குட்வின் எழுத, ஜார்ஜ் டஸ்கா வரைந்தார். மார்வெலின் கறுப்பின நாயகர்களான பிளாக் பேந்தர் 1966-இலும் ஃபால்கன் 1969-இலும் அறிமுகமாகியிருந்தனர். ஆனால் அந்நிறுவனத்தில் தன் பெயரிலேயே தனி இதழ் பெற்ற முதல் கறுப்பின சூப்பர் ஹீரோ லூக் கேஜ்தான்.

அப்போது கறுப்பினப் பார்வையாளர்களை நோக்கிக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அதிரடித் திரைப்படங்கள் அமெரிக்காவில் நன்கு ஓடின. இவ்வகைப் படங்களுக்குப் பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் என்று பெயர். 1971-இல் வெளிவந்த 'ஷாஃப்ட்' இவற்றுள் புகழ்பெற்றது. அந்த அலையின் விளைவாகவே லூக் கேஜ் பிறந்தார். மஞ்சள் சட்டை, தலையில் உலோகப் பட்டை, பணம் வாங்கிக்கொண்டு உதவும் வழக்கம் ஆகியவை காமிக்ஸ் நாயகனின் அடையாளங்கள். தொடரின் நான்காம் அத்தியாயத்தில் சிறையிலிருந்து தப்பும் நாயகன் ஒரு கணம் அதே கோலத்தில் தன்னைப் பார்த்துக்கொள்கிறார். பார்த்த உடனே அதைக் களைந்துவிடுகிறார். மூலத்தை மதிக்கவும் அதைக் கடந்து செல்லவும் கோக்கர் எண்ணியதற்கு இக்காட்சி நல்ல சான்று.

கார்ல் லூகாஸ் என்பது நாயகனின் இயற்பெயர். செய்யாத குற்றத்துக்காகச் சீகேட் என்னும் சிறையில் அடைக்கப்பட்ட அவர், அங்கு நடந்த மருத்துவச் சோதனை ஒன்றில் இந்த ஆற்றலைப் பெறுகிறார். இந்தப் பின்னணிக்கு உண்மையான வரலாறும் உண்டு. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகீ பகுதியில் சுமார் 600 கறுப்பின ஆண்களைக் கொண்டு 1932 முதல் ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களுள் 399 பேருக்குச் சிஃபிலிஸ் நோய் இருந்தது. நோயின் பெயரையும் சொல்லாமல் தக்க சிகிச்சையும் தராமல், 40 ஆண்டுகள் அவர்கள் கண்காணிக்கப்பட்டனர். 1972 ஜூலையில் செய்தி வெளியான பின்னரே ஆய்வு நின்றது. லூக் கேஜின் முதல் இதழ் வந்ததும் அதே ஆண்டில்தான். இதனை அறிந்த மாணவருக்குச் சிறைச் சோதனைக் காட்சி வெறும் விந்தைக் கதையாகத் தோன்றாது.

கதைக்களம்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில் உள்ள ஹார்லெம், 20-ஆம் நூற்றாண்டில் கறுப்பினப் பண்பாட்டின் தலைநகராக விளங்கிய பகுதி. 1920-களில் அங்கு எழுந்த இலக்கிய, இசை, கலை எழுச்சி ஹார்லெம் மறுமலர்ச்சி என்று அழைக்கப்படுகிறது. தொடரில் லூக் தன்னை மறைத்துக்கொண்டு இப்பகுதியில் வாழ்கிறார். பகலில் பாப் என்னும் முதியவரின் முடிதிருத்தகத்தில் தரை பெருக்குகிறார்; இரவில் ஓர் இரவு விடுதியில் வேலை செய்கிறார்.

இந்த இரண்டு இடங்களும் கதையின் இரு தூண்கள். பாப் முன்பு குற்ற வாழ்க்கையில் இருந்து திருந்தியவர். எந்தக் குழுவினரும் அவருடைய கடைக்குள் சண்டையிடக் கூடாது. கெட்ட வார்த்தை பேசுவோர் அங்குள்ள உண்டியலில் காசு போட வேண்டும். இரவு விடுதியின் உரிமையாளர், 'காட்டன்மவுத்' எனப்படும் கார்னெல் ஸ்டோக்ஸ். ஆயுதக் கடத்தலில் ஈடுபடும் அவருக்கு, நகரமன்ற உறுப்பினரான உறவுக்காரப் பெண் மரையா டில்லார்ட் துணை. மரையா ஹார்லெமுக்குப் புதிய மறுமலர்ச்சியைக் கொண்டுவரப்போவதாக மேடையில் பேசுகிறார். அதற்கான பணம் துப்பாக்கி வியாபாரத்திலிருந்து வருகிறது. வீரமும் வில்லத்தனமும் மோதுவதற்கு முன்பே, ஹார்லெம் யாருடைய ஊர் என்னும் கேள்வி இவ்வாறு எழுந்துவிடுகிறது.

குண்டு யாரைத் துளைக்கிறது?

இரண்டாம் அத்தியாயத்தில் காட்டன்மவுத்தின் ஆள் ஒருவன் முடிதிருத்தகத்தின் மீது சரமாரியாகச் சுடுகிறான். லூக்கின் சட்டை கிழிகிறது; பாப் இறந்துபோகிறார். தொடரின் அடிப்படைச் சிக்கல் இந்த ஒரு காட்சியில் வகுக்கப்பட்டுவிடுகிறது.

மூன்றாம் அத்தியாயத்தில் லூக் காட்டன்மவுத்தின் பணம் பதுக்கப்பட்ட கட்டடத்துக்குள் காதில் இசை ஒலிக்க நுழைகிறார். காரின் கதவைப் பிய்த்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் வீழ்த்துகிறார். பார்வையாளரைக் கைதட்ட வைக்கும் காட்சி அது. ஆனால் அதே அத்தியாயத்தின் இறுதியில் காட்டன்மவுத் ராக்கெட் குண்டை ஏவுகிறார். லூக் தங்கியிருக்கும் கட்டடம் இடிந்து விழுகிறது. அதன் கீழ்த்தளத்தில் கானி என்னும் பெண் நடத்திவந்த சீன உணவகமும் அழிகிறது. லூக் அவரைக் காப்பாற்றிவிடுகிறார். அவருடைய பிழைப்பைக் காப்பாற்ற முடியவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில், இழந்த பணத்தை ஈடுகட்டக் காட்டன்மவுத்தின் ஆட்கள் கடைக்காரர்களிடமும் சாலையில் செல்வோரிடமும் பறிக்கிறார்கள். பழியை லூக்கின் மீது போடுகிறார்கள். நாயகனின் ஒவ்வொரு வெற்றிக்கும் ஊர் ஒரு விலை கொடுக்கிறது.

இந்தச் சங்கிலியின் மிக வலிமையான கண்ணி லானி என்னும் சிறுவனின் கதை. லூக்கின் பெயரில் செய்யப்பட்ட ஒரு கொலைக்காகக் காவல்துறை ஹார்லெம் முழுவதும் தேடுகிறது. விசாரணை அறையில் ஓர் அதிகாரி லானியைக் கடுமையாக அடித்துவிடுகிறார். லூக்கை அடித்தால் அடித்தவரின் கைதான் உடையும்; சிறுவனின் உடலோ அப்படிப்பட்டதல்ல. மரையா இதனை உடனே அரசியலாக்குகிறார். அடிபட்ட சிறுவனுக்காக மக்களைத் திரட்டிக் கூட்டம் நடத்துகிறார். அங்கே திரண்ட கோபத்தை லூக்கின் பக்கம் திருப்பி, அவரைத் துளைக்கக்கூடிய 'யூதாஸ்' குண்டுகள் காவல்துறைக்கு வேண்டும் என்று கேட்கிறார். காவல்துறையின் வன்முறைக்கு எதிராகக் கூடிய கூட்டம், அதே காவல்துறைக்கு இன்னும் கொடிய ஆயுதம் தருவதில் போய் முடிகிறது. இரும்புத் தோலையே துளைக்கும் குண்டு நாளை ஒரு சாதாரண இளைஞனின் மீது பாய்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் பார்ப்பவர் மனத்தில் தங்கிவிடுகிறது. முதல் பருவத்தின் கூர்மையான அரசியல் சிந்தனை இதுவே.

துளை விழுந்த ஹூடி

காமிக்ஸ் நாயகர்களுக்குரிய முகமூடியோ மேலங்கியோ லூக்குக்கு இல்லை. தலையை மூடும் துணியோடு கூடிய ஹூடி என்னும் சாதாரண மேலாடையே அவருடைய உடை. 2012 பிப்ரவரி 26 அன்று ஃபுளோரிடாவில் சுட்டுக் கொல்லப்பட்ட 17 வயது டிரேவான் மார்ட்டின் அணிந்திருந்ததும் ஹூடிதான். அதன்பின் அந்த உடை போராட்டங்களின் அடையாளமானது. தொடரின் படைப்பாளர்கள் இந்தத் தொடர்பை அறிந்தே அதைத் தேர்ந்தெடுத்தனர்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ராப் கலைஞர் மெத்தட் மேன் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றுகிறார். கடையொன்றில் நடக்கவிருந்த கொள்ளையிலிருந்து லூக் அவரையும் மற்றவர்களையும் காப்பாற்ற, இருவரும் ஹூடிகளை மாற்றிக்கொள்கிறார்கள். பின்னர் வானொலியில் மெத்தட் மேன் லூக்கைப் பற்றிப் பாடுகிறார். ஹார்லெம் ஆண்கள் துளை விழுந்த ஹூடிகளை அணிந்து தெருவில் நடக்கிறார்கள். காவலர்களுக்கு யார் லூக் என்று தெரியாமல் போகிறது.

ஊரார் ஒருவரைக் காக்கும் இந்தக் காட்சி தொடரின் மிக அழகான பகுதிகளுள் ஒன்று. இதுவரை அவர் மக்களுக்குக் கவசமாக இருந்தார். இங்கே மக்கள் அவருக்குக் கவசமாகிறார்கள். ஆனால் அவர்களுடைய ஹூடியில் உள்ள துளைகள் விரும்பி இடப்பட்டவை. உண்மையான குண்டு வந்தால் அவர்களுடைய தோல் அதைத் தாங்காது. அது தெரிந்தும் அவர்கள் அணிந்துகொள்கிறார்கள் என்பதால், அவர்களுடைய துணிவு நாயகனின் துணிவை விடப் பெரியதாகத் தெரிகிறது.

நடிப்பும் இசையும்

காட்டன்மவுத்தாக நடித்த மஹர்ஷாலா அலி முதல் பாதியின் பெரிய பலம். பியானோ வாசிப்பதில் ஆர்வம் கொண்டிருந்த சிறுவன், குற்றவாளிக் குடும்பத்தில் வளர்ந்து எப்படிக் கொலைகாரன் ஆனான் என்பதை ஏழாம் அத்தியாயம் சொல்கிறது. அவருடைய அறைச் சுவரில், 1997-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராப் கலைஞர் நட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் கிரீடம் சூடிய படம் தொங்குகிறது. காட்டன்மவுத் அதன் முன் நிற்கும்போது கிரீடம் அவர் தலையில் இருப்பதுபோல் படமாக்கப்பட்டுள்ளது. அரசனாக ஆசைப்படுபவரின் முடிவு அப்படத்திலேயே எழுதியிருக்கிறது.

மரையாவாக நடித்த ஆல்ஃப்ரே உட்டார்டு, மரியாதைக்குரிய அரசியல்வாதி மெல்ல மெல்லக் கொடியவராக மாறுவதை நம்பும்படி காட்டுகிறார். துப்பறியும் அதிகாரி மிஸ்டி நைட்டாக வரும் சிமோன் மிசிக், சட்டத்துக்கும் ஊருக்கும் இடையே தவிப்பவராக மனத்தில் நிற்கிறார்.

ஏட்ரியன் யங், அலி ஷஹீத் முகம்மது ஆகியோர் இசையமைத்தனர். முதல் பருவத்தின் அத்தியாயங்கள் அனைத்துக்கும் கேங் ஸ்டார் என்ற ஹிப் ஹாப் இரட்டையரின் பாடல் தலைப்புகளே பெயர்களாக வைக்கப்பட்டுள்ளன. இசைப் பத்திரிகையாளராக இருந்து திரைக்கு வந்தவர் கோக்கர். ஃபெய்த் எவன்ஸ், சார்லஸ் பிராட்லி முதலிய கலைஞர்கள் விடுதி மேடையில் நேரில் பாடும் காட்சிகளில் அவருடைய இசை ஆர்வம் புலப்படுகிறது.

குறைகள்

ஏழாம் அத்தியாயத்தின் இறுதியில் மரையாவின் கையால் காட்டன்மவுத் கொல்லப்பட்ட பின், தொடரின் ஈர்ப்பு குறைகிறது. அவருக்குப் பதிலாக வரும் டைமண்ட்பேக், லூக்கின் தந்தைக்குப் பிறந்த மற்றொரு மகன். அவருடைய பகை முழுவதும் குடும்பப் பகை. ஹார்லெமோடு அதற்கு உறவில்லை. இறுதியில் ஆற்றல் மிக்க கவச உடையணிந்து தெருவில் நடக்கும் கைகலப்பு, அதுவரை எழுப்பிய கேள்விகளை ஒதுக்கிவிட்டு வழக்கமான சூப்பர் ஹீரோ சண்டையாக முடிகிறது. 13 அத்தியாயங்களை நிரப்புவதற்காகக் கதை இழுக்கப்பட்டிருப்பதும் தெரிகிறது.

மற்றொரு குறை ஆழமானது. காவல்துறையின் தவறுகள் பெரும்பாலும் தனிமனிதர்களின் தவறுகளாகவே முடிகின்றன. மிஸ்டியின் கூட்டாளி ஸ்கார்ஃப் லஞ்சம் வாங்குகிறார். ஓர் அதிகாரி கோபத்தில் அடிக்கிறார். அமைப்பு எப்படி இயங்குகிறது என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, அதன் விடையைத் தேடாமல் தொடர் விலகிவிடுகிறது.

இரண்டாம் பருவம்

இரண்டாம் பருவத்தில் லூக் புகழ்பெற்றவர். அவர் எங்கிருக்கிறார் என்பதைக் கைப்பேசிச் செயலி மூலமே மக்கள் பின்தொடர்கிறார்கள். குடும்பத்தினரை அடித்துத் துன்புறுத்தும் குற்றவாளி ஒருவனை அவர் அளவுமீறித் தாக்குகிறார். அவருடைய சினத்தைக் கண்டு அஞ்சும் கிளேர் பிரிந்து செல்கிறார். குண்டு துளைக்காதவரின் கைக்கு யார் வரம்பு விதிப்பது என்பதே இப்பருவத்தின் கேள்வி.

முஸ்தஃபா ஷாகிர் நடித்த புஷ்மாஸ்டர், டைமண்ட்பேக்கை விடச் சிறந்த எதிரி. ஜமைக்காவிலிருந்து வரும் அவருடைய குடும்பத்தை ஸ்டோக்ஸ் குடும்பம் ஏமாற்றியது. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. லூக்கின் தந்தையாக நடித்த ரெஜ் இ. கேத்தி, இப்பருவம் வெளியாகும் முன்பே 2018 பிப்ரவரியில் மறைந்தார். தந்தையும் மகனும் பேசும் காட்சிகள் பருவத்துக்குக் கனம் சேர்க்கின்றன.

இறுதியில் மரையா தம் விடுதியை லூக்கின் பெயருக்கு எழுதிவைத்து இறக்கிறார். குற்றக் குழுக்களோடு பேரம் பேசி ஹார்லெமில் அமைதி காக்கலாம் என எண்ணும் லூக், காட்டன்மவுத் இருந்த அதே அறையில் அமர்கிறார். தொடர் நிறுத்தப்பட்டதால் இந்தக் கதை அங்கேயே நின்றுபோனது. எனினும் அது பொருத்தமான முடிவாகவே தோன்றுகிறது. உடலைத் துளைக்க முடியாதவரை அதிகாரம் வேறு வழியில் துளைத்துவிட்டது.

மதிப்பீடு

2018 பிப்ரவரியில் வெளியான 'பிளாக் பேந்தர்' திரைப்படம் யாராலும் அடிமைப்படுத்தப்படாத ஒரு கற்பனை நாட்டைப் படைத்து உலகப் புகழ் பெற்றது. லூக் கேஜ் அதற்கு முன்பே, உண்மையில் உள்ள ஒரு பகுதியின் தெருக்களில் தன் நாயகனை நடக்கவிட்டது. அத்தெருக்களில் வாடகை, பிழைப்பு, காவல், கடன் என எல்லாமே அன்றாடச் சிக்கல்கள். அவற்றைத் தீர்க்கும் வலிமை எந்தத் தோலுக்கும் இல்லை.

சீரற்ற வேகமும் பலவீனமான பிற்பாதியும் இருந்தாலும், சூப்பர் ஹீரோ கதைகள் பெரும்பாலும் எண்ணிப் பார்க்காத மனிதர்களை இத்தொடர் எண்ணிப் பார்க்கிறது. பாப், கானி, லானி ஆகியோரின் பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இதன் உண்மையான கதை விளங்கும்.