450 வாட் எங்கே இருக்கிறது?

உத்திரமேரூரில் ஜெராக்ஸ் கடையிலோ டிடிபி கடையிலோ நுழைந்தால், மேசைக்கடியில் ஒரு கறுப்புத் தகரக் கேபினெட் இருக்கும். பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளையோடு சேர்த்தே வாங்கியது. தரமான எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்கினால் அதன் விலையே இந்த இரண்டின் விலையையும் தாண்டிவிடும். சிறு கடைக்காரருக்கு அது பெரிய சகாயம். ஆகவே இந்தச் சேர்ப்பு விற்பனையையே ஏமாற்று என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் நம்பாதது, அந்த எஸ்எம்பிஎஸ் மேல் '450 வாட்' என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான்.

பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள அட்டவணையைப் படிக்க வேண்டும். 12 வோல்ட் லைனுக்கு நேராக 14 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கினால் 168 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் இந்த லைனிலிருந்துதான். 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டுவந்தபோது பளு 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் இருந்தது. 2000-இல் பென்டியம் 4 வந்ததும், பிராசஸருக்கென்றே 12 வோல்ட் 4 பின் இணைப்பு வந்து பளு இடம் மாறியது. மலிவு எஸ்எம்பிஎஸ் பலவும் பழைய கணக்கிலேயே நிற்கின்றன. சில ஸ்டிக்கர்களில் எல்லா லைனையும் கூட்டினாலும் 450 தேறாது.

ஆனாலும் 168 வாட் டிடிபி வேலைக்குப் போதும். கோர் ஐ3-12100 பிராசஸருக்கு இன்டெல் சொல்லும் உச்ச அளவே 89 வாட். கிராபிக்ஸ் கார்டு இல்லை, ஓர் எஸ்எஸ்டி மட்டும் என்றால் இந்தப் பெட்டி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அப்படி உழைத்தவற்றை நானே துடைத்து மாட்டியிருக்கிறேன்.

நம் ஊரில் இதன் குறை வேறோர் இடத்தில் தெரியும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த இமைப்பொழுதில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. பாதி அடித்த கல்யாணப் பத்திரிகை போய்விடுகிறது. உடனே பழி இன்வெர்ட்டர் மேல் விழும். கரண்ட் நின்ற பிறகும், முழுப் பளுவில் சுமார் 16 மில்லி விநாடி எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் எதிர்பார்ப்பு. அந்தத் தெம்பு உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் இருக்கிறது; செலவைக் குறைக்கிறவர்கள் முதலில் சிறிதாக்குவதும் அவற்றைத்தான். சுற்றிலும் வயல் மோட்டார்கள் ஓடும்போது 230 வோல்ட் 180-க்கு இறங்கினால், கெப்பாசிட்டரின் சேமிப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது, ஏனென்றால் அது வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. பளு குறைவாக இருந்தால் தப்பும். பிராசஸர் முழு வேகத்தில் ஓடும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால் தப்பாது. இன்வெர்ட்டரில், அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறைக்கும் 'யுபிஎஸ் மோட்' சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுப்பதை வைத்து எஸ்எம்பிஎஸ் மட்டம் என்று முடிவு கட்டுவதும் தவறு. உள்ளே வரும் கரண்டின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாத பிளக்கில் அந்தச் சிறு கசிவு தகரத்தில் நிற்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் இது நடக்கும். அந்த வடிகட்டியையே விட்டுவிட்ட மட்டமானதில் குறையக்கூடும். செலவு செய்ய வேண்டியது எர்த் குழிக்கு.

தகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லியது, விளிம்பு விரலைக் கிழிக்கும், அறுவடைக் காலத் தூசு உள்ளே போகும். எஸ்எம்பிஎஸ் மேலே இருக்கும் பெட்டிகளில் பிராசஸரின் சூடும் அதன் வழியாகவே வெளியேறுகிறது.

ஸ்டிக்கரில் பிஐஎஸ் எண் இருக்கிறதே என்பார்கள். அது ஷாக், தீ பற்றிய பாதுகாப்புக்கான பதிவு. 450 வாட் உண்மையா என்பதற்கு அது பதிலாகாது. 2004-இல் தொடங்கிய 80 பிளஸ் சான்று மின் சிக்கனத்துக்கானது என்றாலும், சோதனை முழுப் பளுவிலும் நடப்பதால் எழுதிய வாட்டைத் தந்தே ஆக வேண்டும். கேபினெட்டோடு வருபவற்றில் அந்த முத்திரையைக் காண்பது அரிது. இந்த ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பொன்னைப் பார்க்கப் 'பொன் வாரியம்' என்று ஒரு குழுவைச் சொல்கிறது. மாற்றுப் பார்க்காமல் பொன் வாங்காத ஊருக்கு 12 வோல்ட் ஆம்பியரைக் கேட்டு வாங்குவது கடினமில்லை.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இங்கேயே வாங்கினாலும், அந்த ஆம்பியரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் மகன் கிராபிக்ஸ் கார்டு கேட்டால் கேபினெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அளவு ஏடிஎக்ஸ்தான்; பின்பக்கம் 4 ஸ்குரூவைக் கழற்றினால் பழைய எஸ்எம்பிஎஸ் வெளியே வந்துவிடும்.