சால்னாவைப் பாருங்கள், பிறகு பரோட்டாவைப் பேசலாம்

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் பொழுது சாய்ந்ததும் கல் காயத் தொடங்கும் பரோட்டாக் கடைகளைப் பற்றிப் பொதுவெளியில் இருவகைப் பேச்சே மிகுதி: மைதாவைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று, ஒரே அமர்வில் எத்தனை உள்ளே போகும் என்ற வீரப்பேச்சு மற்றொன்று. 2009-இல் வெளிவந்த ‘வெண்ணிலா கபடி குழு’ படத்தின் பந்தயக் காட்சி நடிகர் சூரிக்குப் ‘பரோட்டா’ என்ற அடைமொழியையே பெற்றுத் தந்தது. அந்த நகைச்சுவை நிலைத்ததில் யாருக்கும் வருத்தமில்லை என்றாலும், அதன்பின் பரோட்டா என்றாலே எண்ணிக்கை என்றாகிவிட்டதில் வருத்தம் உண்டு. இவ்விரு கூச்சலுக்கும் நடுவில் சிக்கிய புதியவர்கள் கடை வாசல்வரை வந்து, புகையையும் நெரிசலையும் பார்த்துவிட்டு, பக்கத்து உணவகத்தில் சப்பாத்தி கேட்கப் போய்விடுகிறார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவந்து பெஞ்சில் உட்காரவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்; அதற்குச் சற்றுக் கண்டிப்பு வேண்டியிருந்தால் அதுவும் இங்கே கிடைக்கும்.

அடிப்படைகளை விரைந்து சொல்லிவிடலாம். மைதாவுடன் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, தண்ணீர், எண்ணெய் சேர்த்து (சில கடைகளில் முட்டையோ பாலோ சேர்வதும் உண்டு) நன்றாக அடித்துப் பிசைந்து ஊறவிடுகிறார்கள். மாவின் புரதங்கள் நீரோடு கூடி ‘குளூட்டன்’ எனப்படும் இழுபடும் வலையாக மாறுகின்றன. ஊறும் நேரத்தில் அவ்வலை தளர்ந்து, கிழியாமல் விரியும் பக்குவத்தை அடைகிறது. பிறகு ‘மாஸ்டர்’ என்று மரியாதையோடு அழைக்கப்படும் கைதேர்ந்தவர் ஒவ்வோர் உருண்டையையும் மேடையில் தட்டி, மறுபக்கம் நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிதாகும்வரை வீசி, மடிப்பு மடிப்பாகச் சேர்த்துச் சுருட்டி வைக்கிறார். மடிப்புகளுக்கிடையே தங்கும் எண்ணெய்தான் அடுக்குகளை ஒட்டவிடாமல் காக்கிறது. கல்லில், அதாவது கனத்த இரும்புத் தட்டில், இருபுறமும் சிவந்தபின் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சூடு தணியுமுன் இரு கைகளாலும் பக்கவாட்டில் அடிக்கிறார்கள். அந்த அடியில்தான் அடுக்குகள் நெகிழ்ந்து வாய் திறக்கின்றன. இந்த வாய் திறத்தலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பின்னால் வரப்போகும் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

வகைகளும் பல. விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். வெளிப்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் மென்மையாகவும் இருக்கும் அதை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவதே அவ்வூர் வழக்கம். மதுரையின் பன் பரோட்டா உயரமானது, பஞ்சுத்தன்மை கூடியது. செங்கோட்டையை அடுத்த பிரானூரின் ‘பார்டர்’ கடைகளில் கிடைப்பது சிறியது, மிருதுவானது. 1956-இல் மாநில எல்லைகள் திருத்தப்படும்வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது என்பதை அந்தப் ‘பார்டர்’ இன்னும் நினைவூட்டுகிறது, குற்றாலத்தில் குளித்துவிட்டு வருவோரின் பசி அக்கடைகளை வாழவைக்கிறது. சுருட்டாமல் சதுரமாக மடித்துப் போடுவது வீச்சுப் பரோட்டா. கல்லிலேயே முட்டை, வெங்காயம், சால்னாவுடன் கொத்தி எடுப்பது கொத்துப் பரோட்டா; இலங்கையின் கொத்து ரொட்டி இதற்கு நெருங்கிய உறவு. இவ்வளவு போதும். வகைகளின் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களெல்லாம் பரோட்டா அறிந்தவர்கள் ஆகிவிடுவதில்லை.

அறிந்தவரையும் அறியாதவரையும் பிரிக்கும் கோடு வேறிடத்தில் இருக்கிறது: சால்னா வேறு, குருமா வேறு. இதைச் சிறிய விஷயமாக நினைப்பவர்களுக்காகவே இனிவரும் பத்திகள் எழுதப்படுகின்றன. வெங்காயம், தக்காளி, சோம்பு, பட்டை, கிராம்பு, கல்பாசி, மிளகாய், புதினா, மல்லி ஆகியவற்றை வதக்கி, தேங்காயையும் பொட்டுக்கடலையையும் அளவோடு அரைத்து ஊற்றி, தண்ணீரைத் தாராளமாகச் சேர்த்து, பெரும்பாலும் எலும்போடு கொதிக்கவைக்கும் நீர்த்த குழம்பு சால்னா. குருமாவிலும் ஏறத்தாழ இதே சரக்குகள்தாம்; ஆனால் அதில் தேங்காயும் முந்திரியோ கசகசாவோ ஓங்கி, சில இடங்களில் தயிரும் சேர்ந்து, கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி இறங்கும் கெட்டிப்பதம் வந்துவிடுகிறது. சரக்கு ஒன்றாயிருக்க வேறுபாடு எங்கே என்று கேட்பவர் பதத்தின் வேலையை அறியாதவர்.

அந்த வேலை இதுதான். அடிபட்டு வாய் திறந்த பரோட்டாவின் உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய இடுக்குகள் இருக்கின்றன. நீர்த்த திரவம் அந்த இடுக்குகளில் தானாகவே ஊர்ந்து ஏறும், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல. கெட்டியான குருமாவால் அது முடியாது. அது மேற்பரப்பில் பூச்சாக நின்றுவிடுகிறது, உள்ளே மாவு மாவாகவே இருக்கிறது. எனவே குருமாவோடு பரோட்டாவை உண்பவர் இரண்டு உணவுகளை ஒரே வாயில் மெல்லுகிறார். சால்னாவோடு உண்பவருக்கோ இரண்டும் சேர்ந்து மூன்றாவதொன்று கிடைக்கிறது. குருமா மட்டமானது என்பது இதன் பொருளல்ல. பூரிக்கும் இடியாப்பத்துக்கும் சப்பாத்திக்கும் அது பொருத்தமான துணை. அவற்றுக்கு இத்தகைய உள்ளடுக்கு இல்லை, மேலே தங்கும் துணையே அவற்றுக்கு வேண்டும். பரோட்டாவுக்குக் குருமாவைச் சிறுகிண்ணத்தில் கொண்டுவந்து வைக்கும் குளிரூட்டிய உணவகங்கள் இந்த நுட்பத்தை அறியாமல் செய்கின்றனவா, அறிந்தே மேசைவிரிப்பைக் காப்பாற்றுகின்றனவா என்பது ஆராயத்தக்கது.

வேறுபாடு சைவம், அசைவம் பற்றியதும் அன்று. இறைச்சித் துண்டு இல்லாமல் ஊற்றப்படும் ‘எம்டி சால்னா’ பல கடைகளில் பரோட்டாவோடு தனிக் கட்டணமின்றியே வருகிறது. எலும்பே சேராத தக்காளிச் சால்னாவும் நீர்த்திருந்தால் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஐயமிருப்பவர் இலையைச் சற்றே சாய்த்துப் பார்க்கலாம்: சால்னா ஓரத்துக்கு ஓடும், பரோட்டா அதை அணைகட்டித் தடுக்கும், குருமா இருந்த இடத்தைவிட்டு அசையாது. ஒரு நிமிடம் கழித்து நடுத்துண்டைப் பிரித்தால் உள்ளடுக்கு சிவந்திருக்க வேண்டும். வெள்ளையாகவே இருந்தால் ஒன்று அடி போதவில்லை, அல்லது ஊற்றப்பட்டது சால்னா இல்லை.

சால்னாவுக்குள்ளும் ஒரு மேலும் கீழும் உண்டு. இதை எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது, இவ்வளவு தூரம் வாசித்து வந்தவரிடம் சொல்லலாம். மிளகாயின் சிவப்பும், சோம்பு, கிராம்பு ஆகியவற்றின் மணமும் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைபவை; அதனால் பாத்திரத்தின் மேலே மிதக்கும் செந்நிற எண்ணெயில் வாசனை திரண்டிருக்கும், அடியில் அரைத்த மசாலாவின் கனம் படிந்திருக்கும். மேலாக எடுத்த கரண்டி மணக்கும், ஆனால் நாக்கில் நிற்காது. அடியைக் கலக்கி எடுத்த கரண்டி நாக்கில் நிற்கும், ஆனால் மூக்குக்குக் குறைவாகவே தரும். முதல் பரோட்டாவுக்கு மேலாகவும் இரண்டாவதற்குக் கலக்கியும் ஊற்றச் சொல்பவரைப் பரிமாறுபவர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அடுத்தமுறை கேட்காமலேயே அப்படி ஊற்றுவார். இரவு முழுவதும் சிறுதீயில் கிடப்பதால் சால்னாவின் குணமும் மணிக்கு மணி மாறுகிறது: கடை திறந்த புதிதில் மசாலாக்கள் தனித்தனியே பேசும், கடை கட்டும் நேரத்தில் வற்றிக் கரித்து, சில இடங்களில் வெந்நீர் சேர்ந்து தளர்ந்தும் விடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் போய் உட்காருவதே விவேகம்.

இனி உண்ணும் முறை. பரோட்டாவை விள்ளலாகக் கிள்ளிச் சால்னாவில் தொட்டுக்கொள்வது சப்பாத்தியின் பழக்கம். அது இங்கே செல்லாது. இலையில் முழுதாகப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, சிறிது பொறுத்து, பிசையாமல் புரட்டி எடுப்பதே முறை. பல கடைகளில் பரிமாறுபவரே பிய்த்துப் போட்டுத் தருவார், கூச்சப்படாமல் கேட்கலாம். பொறுக்கும் நேரம் வகையைப் பொறுத்தது: பொரித்த பரோட்டா உடனே உண்ணத்தக்கது, ஏனெனில் மொறுமொறுப்பும் ஈரமும் ஒரே வாயில் இருப்பதே அதன் அழகு, கல்லில் சுட்டது சற்று ஊற வேண்டும், பன் பரோட்டா இன்னும் அதிகம் குடிக்கும். ஊறிக் கூழான பரோட்டாவைப் போற்றும் ஒரு சாராரும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட்டுப் பயனில்லை.

ஆழமில்லாத ரசனைக்கு அடையாளங்கள் சில உண்டு. ஒளிப்படக் கருவிமுன் பரோட்டாவை இரு கையாலும் உயர்த்தி அடுக்குகளை உதிர்த்துக் காட்டிவிட்டு, சால்னாவைப் பற்றி ‘கிரேவி சூப்பர்’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் காணொளி விமரிசகர், மாலையை எடைபோட்டுவிட்டுக் கல்யாணத்தைப் பார்க்காமல் திரும்பியவர். பாலாடைக்கட்டியும் மயோனைசும் திணித்த பரோட்டா புதுமை அன்று. அடுக்கின் இடுக்கை அடைத்துவிட்டபின் அது பரோட்டாவே அன்று. வீட்டு வாசலுக்கு வரவழைக்கும் பொட்டலமும் இரண்டாந்தரமே: மூடிய உறைக்குள் தன் ஆவியிலேயே வேகும் பரோட்டாவின் அடுக்குகள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன, சால்னா உறையைப் பிரித்து ஊற்றும்போது போக வழியில்லாமல் தட்டில் தேங்குகிறது.

மைதா பற்றிய அச்சத்துக்கும் ஒரு பதில் சொல்லும் கடன் இருக்கிறது. எண்ணெய் மிகுந்த, நார்ச்சத்துக் குறைந்த இவ்வுணவை நாள்தோறும் உண்ணலாம் என்று எந்த ரசிகரும் வாதிடவில்லை. ஆனால் அதே மைதாவில் செய்த பிஸ்கட்டைக் காலையிலும் கேக்கைப் பிறந்தநாளிலும் பீட்சாவை வார இறுதியிலும் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டு, பரோட்டாவுக்கு மட்டும் மருத்துவ அறிவுரை வழங்குவது நலவாழ்வு அக்கறையைவிட இடத்தைப் பார்த்து வரும் தயக்கமே. சட்டமும் இதனிடம் நெடுநாள் ஓரவஞ்சனை காட்டியது: உறையிலிட்டு விற்கப்படும் பரோட்டா, 5 விழுக்காடு வரிக்குரிய ரொட்டி வகையில் சேராது, 18 விழுக்காடு கட்ட வேண்டும் என்று 2020-இல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் கூறியது. 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரி மன்றம் பரோட்டாவுக்கு வரியே இல்லை என்று முடிவெடுத்தது. வரி அதிகாரிகளே மனம் மாறியபின் சப்பாத்தி விரும்பிகள் மாறக்கூடாதா என்ன?

துணைகளில் முட்டை முதலிடம் பெறும், அதிலும் மஞ்சள்கரு உடையாத ஆஃப் பாயிலைப் பரோட்டாமேல் உடைத்துவிடுவது தனிக்கலை. சுக்காவும் ஈரலும் உலர்ந்தவை ஆதலால் சால்னாவின் வழியை மறிப்பதில்லை. பின்னர் குடிப்பதற்குப் பன்னீர் சோடா, அதாவது ரோஜா மணமூட்டிய சோடா, ஏற்றது. 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோ என்ற குளிர்பானத்துக்கும் அவ்வூர்ப் பரோட்டாவுக்கும் உள்ள பொருத்தம் தற்செயலாகவே இருக்கலாம், ஆயினும் கச்சிதமானது. மதுரையில் பாலும் நன்னாரியும் கடற்பாசியும் சேர்ந்த ஜிகர்தண்டாவை உடனே தேடி ஓடுவோர் உண்டு. அது தன்னளவில் ஒரு முழு உணவு, மறுநாள் பகலுக்கு ஒத்திவைப்பதே மரியாதை. பருத்திவிதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அரிசிமாவும் வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பால் சூடானது, காரத்தின்மேல் இதமாக இறங்குவது, இரவுக்கு ஒத்தது.

முதன்முறை செல்பவர் செய்ய வேண்டியது எளிது. கூட்டம் உள்ள கடையில், கல்லுக்கு அருகில் இடம்பிடித்து, இரண்டு பரோட்டா மட்டும் கேட்டு, பிய்த்துப் போடச் சொல்லி, வேறு துணை எதுவும் வாங்காமல் எம்டி சால்னாவோடு உண்ண வேண்டும். சுக்காவும் முட்டையும் அடுத்த முறைக்குக் காத்திருக்கட்டும். சால்னாவை மறுபடி கேட்பதில் வெட்கம் கூடாது, கேட்காதவர்மேல்தான் மாஸ்டருக்கு ஐயம் வரும். இரண்டாவது ஊற்றுக்கு முகம் சுளிக்கும் கடை எத்தனை அடுக்கு காட்டினாலும், அங்கே மூன்றாவது பரோட்டா கேட்க வேண்டியதில்லை.