அறமும் கணக்கும்: தீவகத்துச் சமய அறநிலையங்கள் பற்றியதொரு மதிப்பீடு

தருமத்திற்குக் கணக்குப் பார்த்தல் தகாது என்னும் எண்ணம் தமிழ்ச் சமூகத்தில் ஆழ வேரூன்றிய ஒன்றாகும். கொடுப்போன் தான் கொடுத்ததை எண்ணிக்கொண்டிருத்தல் ஈகையின் பெருமையைக் குறைக்கும் என்ற அளவில் இவ்வெண்ணம் உயர்ந்ததே. ஆயின் கொடுப்போனுக்கு உரிய இந்நெறி, காலப்போக்கில், கொடுக்கப்பட்டதைக் காப்போனுக்கும் உரியதாக மாற்றப்பட்டுவிட்டது. கொடுப்போன் கணக்கை மறப்பது பண்பு. காப்போன் கணக்கை மறப்பது பிழை. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளப்பட்டதன் விளைவுகளைச் சமய அறநிலையங்களின் வரலாற்றிற் பல இடங்களிலே காணலாம். யாழ்ப்பாணத் தீவகம் இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்க ஒரு களமாகும்.

வேலணையிலிருந்து வாணர் பாலத்தைக் கடந்து புங்குடுதீவினுட் புகுவோர் முதலில் எதிர்ப்படும் பகுதி மடத்துவெளி. ஊர்ப்பெயரிலேயே மடம் அமைந்திருத்தல் கருதத்தக்கது. யாழ்ப்பாணத்து மடம் என்பது துறவியர் பீடத்தை மட்டும் குறிக்கும் சொல்லன்று. வழிச்செல்வோர் தங்கும் திண்ணை, நீருண்ணும் கேணி, தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கி, மாடுகள் உடல் தேய்க்கும் ஆவுரஞ்சிக்கல் ஆகியன சூழ அமைந்த பொது அறத்தையும் அது குறிக்கும். நன்னீர் அரிதாகிய தீவுகளில் இத்தகைய மடம் உயிர்காக்கும் நிலையமாகவே விளங்கியிருத்தல் வேண்டும்.

இப்பழைய மடங்களுக்கு ஆண்டறிக்கையும் கணக்காய்வாளரும் இருந்ததில்லை. எனினும் அவை பொறுப்புக்கூறும் முறைமையின்றி இயங்கின எனக் கூறுதல் பொருந்தாது. கேணி தூர்ந்திருப்பின் தாகத்தோடு வந்தவன் அதனை அன்றே அறிவான். திண்ணை இடிந்திருப்பின் இரவு தங்க வந்தவன் ஊராரிடம் உரைப்பான். பயன்கொள்வோரே நாள்தோறும் கணக்காய்வு செய்தனர். அறம் கண்முன்னே நிகழ்ந்தமையாற் கணக்கும் கண்முன்னே இருந்தது. பொருள் ஓரிடத்திலும் பயன் வேறோரிடத்திலும் ஆகும்போது இவ்வியல்பான கண்காணிப்பு அற்றுப்போகின்றது. எழுதப்பட்ட கணக்கின் தேவை அங்கேயே பிறக்கின்றது.

அறப்பொருளைக் காப்போனின் நிலை பற்றித் தமிழிலக்கியம் அறியாததன்று. மணிமேகலைக் காப்பியம் கூறும் ஆபுத்திரன் வரலாறு இத்தொடர்பில் மீள நோக்கத்தக்கது. காப்பியத்து மணிபல்லவத்தை நயினாதீவு எனக் கொள்ளும் மரபு தீவகத்தில் வலிமையானது. ஆய்வாளரிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அடையாளம் எவ்வாறாயினும் கதையின் கருத்துத் தெளிவானது. சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், ஆளற்ற தீவிலே தனித்து விடப்படுகின்றான். பாத்திரம் கையிலுண்டு, ஏற்போர் எவருமில்லை. அதனைக்கொண்டு தன் ஒருவன் வயிற்றை ஓம்ப அவன் விரும்பவில்லை. கோமுகிப் பொய்கையில் அதனை விட்டுவிட்டு, உண்ணாது உயிர் துறக்கின்றான்.

இதனை வெறும் தியாகக் கதையாகவே படித்தல் மரபு. ஆயின் அறப்பொருளின் உடைமை பற்றிய ஒரு தீர்ப்பும் இதனுள் அடங்கியுள்ளது. பாத்திரம் ஆபுத்திரனுடையதன்று, பசித்தோருடையது. அவன் அதன் காவலனே. நோக்கம் நிறைவேற வழியற்றபோது காவலனின் உரிமையும் முடிவடைகின்றது. நவீன சட்டம் நம்பிக்கைப் பொறுப்பு எனக் கூறும் கோட்பாட்டின் சாரம் இதுவேயாகும். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திற்கு வரும் அடியார்க்கு உணவளிக்கும் அன்னதான நிலையம் அமுதசுரபி என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. பெயர் பொருத்தமானதே. ஆயினும் காப்பியத்துப் பாத்திரத்திற்கும் உலகத்து அறநிலையம் எதற்கும் ஒரு வேறுபாடுண்டு. அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்திற்குக் கணக்கு வேண்டியதில்லை. அரிசியும் விறகும் வள்ளக்கூலியும் எண்ணி வாங்கப்படும் இவ்வுலகில், குறைகின்ற பொருள் அனைத்திற்கும் கணக்கு வேண்டும்.

இக்கருத்து மேல்நாட்டினின்றும் வந்தது எனக் கருதுவோரும் உளர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் அதனை மறுக்கின்றன. கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அச்சாசனங்கள், குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும் விதிகளைக் கூறுவன. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் பின்னர்த் தெரிவுக்குத் தகுதியற்றவராவர் என அவை விதிக்கின்றன. பதவிக் காலமும் ஓராண்டாக வரையறுக்கப்பட்டது. அம்முறையைக் குடியாட்சி எனப் புகழ்தல் மிகை. நிலமும் வேதக் கல்வியுமுடைய பிராமணச் சபையின் உள்ளேயே அது இயங்கியது. எனினும் கணக்குக் காட்டாமை ஒருவனது பொதுவாழ்வை முடிக்கும் குற்றம் என்னும் எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழிற் பொறிக்கப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்திலும் ஆறுமுக நாவலர் (1822–1879) நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நிருவாகம் பற்றிப் பகிரங்கமாகத் துண்டுப்பிரசுரங்கள் வெளியிட்டார். கோயிலைக் குறைகூறுதல் சமயத்தைக் குறைகூறுதலாகாது என்பதை அவர் செயலாற் காட்டினார் எனலாம்.

இனி, சட்டத்தின் நிலையை நோக்குதல் வேண்டும். இலங்கையிற் பௌத்த விகாரைகளின் ஆதனங்களுக்கென 1889ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் ஏற்பட்டது. 1931ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பிந்திய வடிவம். முஸ்லிம் பள்ளிவாசல்களுக்கும் வக்புகளுக்கும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் உண்டு. இந்து ஆலயங்களுக்கு அத்தகைய தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. அவை 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் பொதுவிதிகளுக்கே உட்பட்டன. அச்சட்டத்தின் 107ஆம் பிரிவு சிறப்பானது. முறைப்படி எழுதப்பட்ட சாசனம் இல்லாவிடினும், சூழ்நிலைகள் யாவற்றையும் நோக்குமிடத்து நம்பிக்கைப் பொறுப்பு உண்டெனக் கொள்ளத்தக்கதாயின், நீதிமன்றம் தன் அதிகாரத்தைச் செலுத்தலாம் என அது கூறுகின்றது. வாய்மொழியாலும் வழக்கத்தாலும் நிலைத்த யாழ்ப்பாணத்து அறங்களுக்கு இதனினும் பொருத்தமான விதி காண்டல் அரிது.

எனினும் இச்சட்டத்தின் குறை அதன் அமைப்பிலேயே உள்ளது. தீங்கு நேர்ந்தபின், அக்கறையுடையோர் சிலர் ஒன்றுகூடி மாவட்ட நீதிமன்றம் சென்றால் மட்டுமே அது விழித்தெழும். வழக்கு நீளும், செலவு பெருகும். ஒரு வரவுசெலவுப் புத்தகத்தைக் காட்டுக எனக் கேட்ட கேள்வி, இரு குடும்பங்களின் பகையாகவோ இரு குறிச்சிகளின் போட்டியாகவோ மாறிவிடும். இறுதியில் யார் முகாமையாளர் என்பது தீர்க்கப்படும். பணம் எவ்வாறு செலவாயிற்று என்பது எவர் நினைவிலும் இராது.

அவ்வாறாயின் அரசே கோயில்களைப் பொறுப்பேற்றல் வழியாகுமா? தமிழகத்தின் அனுபவம் எச்சரிக்கை தருவது. அங்கு 1920களில் தொடங்கிய அறநிலையச் சட்டவாக்கம் 1951, 1959 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாக விரிந்தது. கணக்கும் தணிக்கையும் ஒழுங்குபட்டன என்பது உண்மை. அதேவேளை நிருவாகம் அலுவலர் கையிற் சென்றது. மடங்களின் உள்விவகாரங்களில் அரசு எவ்வளவு தலையிடலாம் என்பது 1954ஆம் ஆண்டின் சிரூர் மடத்து வழக்கில் இந்திய உயர்நீதிமன்றம் வரை சென்று தீர்க்க வேண்டிய வினாவாயிற்று. குடும்பத்திற்கு மட்டும் கணக்குக் கூறிய கோயில் திணைக்களத்திற்கு மட்டும் கணக்குக் கூறுமாயின், வழிபடுவோன் நிலை பெரிதும் மாறியதெனக் கூறவியலாது.

தீவகத்தில் இப்பிரச்சினை புதிய வடிவம் பெற்றது 1990ஆம் ஆண்டையடுத்த இடப்பெயர்வின் பின்னராகும். போரினால் ஊர்கள் வெறுமையாயின. மக்கள் யாழ்ப்பாணத்திற்கும் வன்னிக்கும் கொழும்பிற்கும், கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, பிரித்தானியா முதலிய நாடுகளுக்கும் சிதறினர். மீள்குடியேறியோர் தொகை சிறிது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளோ பெரிது. கொடுப்போர் கடலுக்கு அப்பால், காப்போர் சிலர் இங்கும் சிலர் அங்கும், பயன்கொள்வோர் ஊரில். பழைய மடத்தில் ஒருங்கிருந்த மூவரும் இன்று மூன்று திசையிலுள்ளனர்.

இதன் விளைவு பணம் தவறிப்போதல் மட்டுமன்று. அதனினும் நுட்பமான ஒரு கேடுண்டு. பொறுப்புக்கூறல் என்பது கொடுப்போரை மகிழ்வித்தல் எனச் சுருங்கிவிடுகின்றது. இராசகோபுரத்தின் ஒளிப்படம் ரொறன்ரோவிற் காண்பதற்கு எளிது. தூர்வாரப்பட்ட குளத்தின் பயன் மழைக்குப் பின்னரே தெரியும். குடமுழுக்குக்கு வழங்கியவர் பெயர் கல்லிற் பொறிக்கப்படும். தாங்கி ஊர்தியில் வரும் குடிநீருக்குக் காத்திருக்கும் பெண்ணின் கருத்து எக்கூட்டத்திலும் கேட்கப்படுவதில்லை. கணக்கில் ஒரு சதமும் பிழையின்றியே ஓர் அறநிலையம் தன் நோக்கத்தினின்றும் விலகிவிடலாம். ஆதலின் வரவும் செலவும் பொருந்துதல் முதற் சோதனை. செலவும் தேவையும் பொருந்துதலே முடிவான சோதனை.

புலம்பெயர்ந்த நாடுகளின் சட்டங்கள் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன. இலண்டனில் முத்துமாரி அம்மன் ஆலயத்தோடு தொடர்புடைய சிவயோகம் என்னும் அறநிறுவனத்தைப் பிரித்தானிய அறநிறுவன ஆணைக்குழு விசாரித்தமை இதற்குச் சான்று. ஆணைக்குழு பொறுப்பாளர் ஒருவரைப் பதவி நீக்கியது; அவர் மேன்முறையீடு செய்ய, 2009ஆம் ஆண்டில் அறநிறுவன நியாயசபை அந்நீக்கத்தை இரத்துச் செய்தது. அறநிறுவனம் ஆணைக்குழுவிற்குப் பதில் கூறவேண்டும். ஆணைக்குழுவும் நியாயசபைக்குப் பதில் கூறவேண்டும். ஐயம் எழுப்பப்பட்டமை குற்றம் நிறுவப்பட்டமையாகாது. ஊர்த்திண்ணையில் நடைபெறும் விசாரணையில் இவ்விரு காப்புகளும் இல்லை. அங்கே கேள்வி கேட்டவன் துரோகியாவான், கேட்கப்பட்டவன் கள்வனாவான், ஏடு மட்டும் திறக்கப்படாதிருக்கும்.

நேர்மையாளர் ஒருவர் கையிற் பொறுப்பு இருக்குமாயின் இவையெல்லாம் எதற்கு என வினவுவோருக்கும் விடை கூறவேண்டும். பரம்பரை முகாமை எங்கும் சீர்கெட்டது எனல் உண்மைக்கு மாறானது. அருச்சனைச் சீட்டை நெடுங்காலம் ஒரு ரூபாவாகவே வைத்திருந்ததும் நேரந்தவறாப் பூசையும் நல்லூர்க் கோயிலுக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்தமை யாவரும் அறிந்தது. ஆயினும் நல்ல நிருவாகம் வேறு, பொறுப்புக்கூறும் நிருவாகம் வேறு. முன்னையது ஒருவரின் குணத்தில் தங்குவது. அவரோடு முடியவும் கூடும். பின்னையது முறைமையில் தங்குவது. குணங்குன்றியவர் வந்தபோதும் அறத்தைக் காப்பது. நேர்மையாளருக்கே முறைமை மிகவும் உதவும். பழிச்சொல்லினின்றும் அவரைக் காப்பது அவர் வைத்த கணக்கேயாகும்.

யாருக்குப் பொறுப்புக் கூறுதல் என்னும் வினாவும் எஞ்சியுள்ளது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நுழைவுரிமைக்காகப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. வாசலில் நிறுத்தப்பட்டவன் கணக்குக் கேட்டல் எவ்வாறு? இன்று வாசல்கள் பெரும்பாலும் திறந்துள்ளன. ஆயின் உபயகாரர் பட்டியலிலும் பரிபாலன சபையிலும் எக்குலத்தோர், எக்குறிச்சியார், பெண்கள் எத்தனைபேர் இடம்பெறுகின்றனர் என்பது கேட்கப்படவேண்டியதே. பிடியரிசி கொடுத்தவளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையில்லை எனில், அவ்வறம் ஊருடையது எனச் சொல்லத் தகுதியற்றதாகும்.

ஆகவே தீவகத்துச் சமய அறநிலையம் ஒன்றை மதிப்பிட முனைவோர் சில எளிய வினாக்களை முன்வைத்தல் போதுமானது. நோக்கம் எழுத்தில் உண்டா? பதவிக்கு எல்லை உண்டா? திருப்பணி நிதி, அன்னதான நிதி, கல்வி நிதி ஆகியன தனித்தனியே வைக்கப்படுகின்றனவா? ஆண்டுக்கொருமுறை கணக்கு, கொடுத்தோரும் ஊராரும் படிக்கக்கூடியவாறு, ஆலயச் சுவரிலேனும் ஒட்டப்படுகின்றதா? பொறுப்பாளரின் உறவினருக்கு ஒப்பந்தம் வழங்கப்படின் அது முன்னரே அறிவிக்கப்படுகின்றதா? நிறுவனம் செயலிழந்தால் அதன் பொருள் யாரைச் சேரும்? இவற்றிற்கு அரசாணையோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் அதனைத் திறந்து வைக்கும் மனமும் வேண்டும். கணக்கை வெளியிட்டாற் பூசல் வளரும் என்பர். பூசல் வளர்வது கணக்கு மறைக்கப்பட்ட இடத்திலேயே. கண்டறிந்த தொகை பற்றி எவரும் ஊகம் பேசுவதில்லை.

மடம் எழுப்பிய முன்னோர் தம் பெயரைக்கூட எழுதாது சென்றமை அவர் பெருமை. அவர் விட்டுச் சென்றதை ஏற்றோர் தம் பெயரைப் பொறித்துக் கணக்கை எழுதாது விடுதல் அவ்வறத்தைத் தலைகீழாக்குதலாகும்.